மேடேறும் சொட்டுகள்

எண்ணெய்ச் சொட்டு இடம் மாறி விழுந்திருந்தது.

பிக்கப்பின் இன்ஜினுக்கு அடியில் சொட்டு விழுவது ஒன்றும் புதிதில்லை. வாங்கிய நாள் முதல் ஒழுகுகிற வண்டி அது. அது சிந்திய எண்ணெயைச் சேர்த்து வைத்திருந்தால் ஒரு கப்பலை உலகம் சுற்ற அனுப்பிவிட்டு, மிச்சத்தில் ஊரிலுள்ள கதவுக் கீல்களுக்கெல்லாம் போட்டிருக்கலாம். ஆனால் நிற்கிற வண்டியின் சொட்டு நின்ற இடத்தில்தானே விழ வேண்டும்? ஒன்றின்மேல் ஒன்றாக விழுந்து தட்டு அகலத்துக்கு ஒரே கறையாகப் பரவ வேண்டும். இங்கே கறை வரிசையாகக் கிடந்தது. பின்னால் இருந்தவை காய்ந்து மங்கி, அடுத்தவை இன்னும் கொஞ்சம் கறுத்து, எல்லாவற்றுக்கும் முன்னால் பளபளவென்று ஈரம் காயாத ஒன்று. வரிசை தெருக்கதவுப் பக்கமிருந்து வீட்டை நோக்கி வந்தது.

தரையோ வீட்டிலிருந்து தெருவுக்குச் சரிவது. சாதாரணச் சரிவா அது? தக்காளி ஒன்று கைதவறி விழுந்தால் தெருக்கதவைத் தாண்டி, முக்குத் திரும்பி, அடுத்த தெருவில் யாராவது பொறுக்கிக்கொள்ளும் அளவுக்குச் சரிவு.

வண்டி இறங்கவில்லை. ஏறியிருந்தது.

மெத்தைக்காரர் குந்தி உட்கார்ந்து அந்த வரிசையைப் பார்த்தார். மெத்தைக் கடைக்கு வண்டி ஓட்டுகிறவர் என்பதால் தெருவே அவரை அப்படித்தான் கூப்பிட்டது. ஊர் முழுக்கத் தூக்கத்தை இறக்கிவிட்டு வருகிறவர். அவர் சரியாகத் தூங்கித்தான் பல நாளாயிற்று. மனைவி ஸ்டூலிலிருந்து விழுந்து காலை முறித்துக்கொண்டதிலிருந்து, பல் பிடுங்க ஊசி போட்ட கன்னம் மாதிரி அவருக்கு மனசு மரத்துக் கிடந்தது. தொட்டால் தெரியும், வலிக்காது. வேலைக்குப் போகாமல் கஞ்சி வைத்தார், துணி துவைத்தார், மருந்து கொடுத்தார். வண்டி ஒருநாளும் வெளியே போகவில்லை.

போகாத வண்டி வந்துகொண்டிருந்தது.

முதலில் தன் கண்ணில் கோளாறு என்று நினைத்தார். பிறகு வண்டியை ரிவர்ஸில் இறக்கித் தெருக்கதவை ஒட்டி நிறுத்தி, முதல் கியரில் போட்டு, பின்சக்கரத்துக்கு அடியில் அண்டாவைத் தாங்கும் அளவுக்கு ஒரு கல்லை முட்டுக் கொடுத்தார். எல்லோரும் கொடுக்கிற மாதிரி, சரிவுப் பக்கமாக. விடிந்தபோது கல் இருந்த இடத்திலேயே அனாதையாகக் கிடந்தது. வண்டி அதை விட்டுவிட்டு மேலே போய், பழைய இடத்தைப் பிடித்து, அதற்கு மேலும் ஒரு முழம் ஏறி நின்றது.

தெருவில் நிறுத்தலாமென்றால், எதிரெதிரே இரண்டு சைக்கிள் வந்தால் ஒன்று மூச்சை உள்ளே இழுத்துக்கொள்ள வேண்டிய தெரு அது.

வண்டியின் மூக்குக்கு நேர் எதிரே வீட்டின் முன்னறைச் சுவர். சுவரில் கம்பி போட்ட ஜன்னல். ஜன்னலுக்கு உட்பக்கம், சுவரை ஒட்டி, மனைவியின் கட்டில். இடுப்பு முதல் கால்விரல் வரை மாவுக்கட்டு; அவளால் புரண்டுகூடப் படுக்க முடியாது. கட்டிலைப் பின்னறைக்கு மாற்றலாமென்று இழுத்துப் பார்த்தார். கதவு நிலையில் அது நுழையவில்லை. அவளும் ஒத்துக்கொள்ளவில்லை.

"ஜன்னலையும் எடுத்துட்டா நான் எதைத்தாங்க பார்த்துட்டுக் கிடப்பேன்? உங்க மூஞ்சியவா?"

அவர் கட்டிலை மறுபடி ஜன்னலடிக்கே தள்ளிவிட்டார்.

அன்று காலை, கஞ்சிக் கிண்ணத்தை வாயருகே கொண்டுபோனபோது அவள் ஜன்னலிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னாள்.

"நேத்தைவிட இன்னிக்குக் கிட்ட வந்திருக்கு."

அவர் கையில் கரண்டி நின்றது. "பார்த்தியா நீ? எப்ப வருது?"

"எப்பவும்தான். நீங்க கடிகாரத்தோட சின்ன முள்ளு நகர்றதைப் பார்த்திருக்கீங்களா? அது மாதிரி."

"ஏன் எங்கிட்டச் சொல்லல?"

"சொல்லி? வாயைத் திறன்னு எனக்குச் சொல்றீங்க. நீங்க கரண்டியைக் குடுங்க, ஆறிடும்."

அவள் குரலில் பயம் இல்லை. அவருக்குள்ளும் இல்லை என்றுதான் சொல்ல வேண்டும். பயம் ஒரு பஸ்ஸைத் தவறவிட்டுவிட்டு அடுத்த பஸ்ஸுக்காக எங்கோ நின்றுகொண்டிருந்தது. அவருக்குத் தெரிந்ததெல்லாம் ஒன்றே ஒன்று. பம்பருக்கும் சுவருக்கும் நடுவே இடம் குறைந்துகொண்டு வந்தது. சுவரின் மறுபக்கம் அவள் தலை இருந்தது. வண்டி எந்தத் திசைக்குப் போனால் என்ன, பிடித்து நிறுத்துவதற்கென்றே அதில் ஹேண்ட் பிரேக் என்று ஒரு சாமான் இருக்கிறது. அது பிடிக்கவில்லை. அதைச் சரிசெய்தால் பிடிக்கும்.

மைத்துனனுக்குப் போன் போட்டார்.

மனைவியின் தம்பி டயர் கடை வைத்திருப்பவன். சிரித்தானென்றால் அவன் கடையிலுள்ள ட்யூபெல்லாம் ஒரு சுற்று பெருத்துப் போகும். சாப்பிட்ட கையோடு வந்து சேர்ந்தான். வந்ததும் சொட்டு வரிசையைப் பார்த்தான், சரிவைப் பார்த்தான், அவரைப் பார்த்தான்.

"மாமா, வண்டி கீழ இறங்கினா ஹேண்ட் பிரேக் லூசு. மேல ஏறினா நாமதான் லூசு."

"ஏறுது மாப்ள."

"ராத்திரி அக்கா திட்டு தாங்காம வண்டியில போய்ப் படுத்துக்கிறீங்களா? தூக்கத்துல கியரைத் தட்டி விட்டிருப்பீங்க."

"டேய், எனக்குக் காது நல்லாத்தான் இருக்கு, கால்தான் போச்சு!" என்று ஜன்னலுக்குள்ளிருந்து அக்காவின் குரல் வந்தது.

"ஐயோ, முழிச்சுட்டுத்தான் இருக்கா," என்று நாக்கைக் கடித்துக்கொண்டு கேபினில் ஏறினான். ஹேண்ட் பிரேக் லீவரை இழுத்தான். கடகடகடவென்று அது ஏறியது, ஏறியது, ஏறிக்கொண்டே போனது. விட்டால் கூரையைப் பொத்துக்கொண்டு வெளியே போய்ப் பக்கத்து வீட்டுக்காரருக்குக் கைகொடுத்துவிட்டு வரும் போலிருந்தது. "இதைப் பிரேக்குன்னு சொன்னா ஊர் சிரிக்கும் மாமா. கீழ போங்க."

மெத்தைக்காரர் மல்லாந்து படுத்து, பக்கவாட்டிலிருந்து வண்டிக்கு அடியில் நுழைந்தார். உள்ளே வேறு வெயில், வேறு காற்று. துருவும் பழைய கிரீஸும் கலந்த வாடை. தரையின் சூடு சட்டைக்குள் ஏறியது. லீவரிலிருந்து வரும் கம்பி, பின்சக்கரங்களின் கேபிள்களோடு சேரும் இடத்தில் ஒரு நட்டு இருந்தது. அதை முறுக்கினால் கேபிள் இழுபடும். கேபிள் இழுபட்டால் சக்கரத்துக்குள் இருக்கும் பிரேக் லைனிங், சக்கரத்தோடு சுற்றும் டிரம்மை நெருங்கும். அவ்வளவுதான் சங்கதி. துருவைச் சுரண்டி, எண்ணெய் விட்டு, ஸ்பேனரைப் போட்டார்.

"இழு!"

மேலே கடகட.

"விடு!"

மேலே டக்.

மறுபடி ஒரு முறுக்கு. ஜாக்கி வைத்துப் பின்சக்கரத்தைத் தூக்கி, மைத்துனன் கையால் சுற்றிப் பார்த்தான். சக்கரம் சுற்றியது, உள்ளே லைனிங் லேசாக உரசி, காகிதத்தைத் தரையில் இழுப்பது போல ஒரு சத்தம் கொடுத்தது.

"இதுதான் கணக்கு மாமா. இழுத்தா பிடிக்கணும், விட்டா விடணும். இதோட நிறுத்திக்குங்க."

"இன்னும் கொஞ்சம் இறுக்கினா என்ன?"

"என்னவா? இது என்ன மூட்டையா, வாயைக் கட்டி வைக்கிறதுக்கு? வண்டி மாமா. ரொம்ப இறுக்கினா லைனிங் டிரம்மைக் கவ்விக்கும். அப்புறம் விடுன்னா விடாது. கழட்டவும் வராது. அக்கா மாதிரி."

"கேக்குதுடா!"

மைத்துனன் சிரித்துக்கொண்டே ஜாக்கியை இறக்கினான், கையைத் துடைத்தான், ஜன்னலில் அக்காவுக்கு ஒரு சலாம் வைத்தான், கடையில் ஆள் காத்திருக்கிறதென்று போய்விட்டான். அவன் ஸ்கூட்டர் சத்தம் தெருமுக்கில் தேய்ந்தது. தேய்ந்த பிறகு ஒரு வெற்றிடம். தெருவில் ஒரு குழாய் சொட்டவில்லை, ஒரு கதவு கிறீச்சிடவில்லை. ஊரே வாயில் விரலை வைத்துக்கொண்டு உட்கார்ந்த மாதிரி.

மெத்தைக்காரர் பம்பருக்கும் சுவருக்கும் நடுவே நின்றார். கையை நீட்டினால் இரண்டையும் தொடலாம். ஜன்னல் கம்பிக்கு அப்பால் மனைவியின் முகம். அவள் அவரைப் பார்க்கவில்லை. அவர் தோளுக்கு மேலாக, வண்டியின் முன்கண்ணாடியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். விருந்தாளி வருகிற பாதையைப் பார்ப்பது போல.

'இழுத்தா பிடிக்கணும், விட்டா விடணும்.' விடுவதற்கு என்ன அவசியம்? இந்த வண்டி இனி எங்கேயும் போக வேண்டாம். அது நின்றால் போதும்.

மறுபடி அடியில் நுழைந்தார். லீவரை மேலே இழுத்தபடியே விட்டு வைத்திருந்தார். நட்டை முறுக்கினார். கேபிள் முனகியது. இன்னும் முறுக்கினார். அது முறுக்கேறித் தந்தி மாதிரி ரீங்கரித்தது. மரை தீருகிற வரைக்கும், ஸ்பேனரின் பிடி உள்ளங்கையில் பள்ளம் பதிக்கிற வரைக்கும் முறுக்கினார். பின்சக்கரத்துக்குள் எதுவோ 'கொடக்' என்று பல்லைக் கடித்துக்கொண்டது.

வெளியே வந்து தோளைக் கொடுத்து வண்டியைத் தள்ளினார். மலையைத் தள்ளுவது போலிருந்தது. பல நாளுக்குப் பிறகு அவருக்கு மூச்சு அடிவயிறு வரைக்கும் போயிற்று.

ஜன்னலுக்குப் பக்கத்திலேயே இருந்த வாசற்படியில் வந்து உட்கார்ந்தார். காலை நீட்டிக்கொண்டார். சொட்டுக்காகக் காத்திருந்தார்.

ஒன்று விழுந்தது. முன்பு விழுந்த சொட்டின் மேலேயே, அச்சுப் பிசகாமல். கொஞ்ச நேரம் கழித்து இன்னொன்று. அதுவும் அதே இடத்தில். கறை முதல்முறையாக அகலத் தொடங்கியது. வண்டி நின்றுவிட்டது.

"நின்னுடுச்சு," என்று ஜன்னல் பக்கம் திரும்பிச் சொன்னார்.

"ம்," என்றாள் அவள். "அது நின்னுடுச்சு."

வெயில் இறங்கி, சுவரெல்லாம் பழுப்பாயிற்று. காற்று இல்லை. படியின் சிமெண்டு மட்டும் அவருக்கு அடியில் இன்னும் வெதுவெதுப்பாக இருந்தது. அந்த வெதுவெதுப்பில், வெகு ஆழத்தில், ஒரு நடுக்கம். பக்கத்து ஊரில் ஆட்டுக்கல் ஓடுவது போல. சமையலறையில் டம்ளர் ஒன்று தட்டில் மோதி மெல்ல மணியடித்தது. அவர் கண்ணை மூடினார். கண்ணை மூடினால் நடுக்கம் இன்னும் நன்றாகத் தெரிந்தது. பல் வரைக்கும் தெரிந்தது.

கால்விரலில் எதுவோ குளிர்ச்சியாகப் பட்டது.

கண்ணைத் திறந்தார். பம்பர்.

உட்கார்ந்தபோது நீட்டிய காலுக்கும் பம்பருக்கும் நடுவே ஒரு பக்கெட் வைக்கும் அளவுக்கு இடம் இருந்தது. சறுக்கி முன்னால் வந்துவிட்டோம் போலிருக்கிறது என்று பின்னால் நகர்ந்து உட்காரப் பார்த்தார். முதுகு கதவில் முட்டியது. அவர் சறுக்கவில்லை. சொட்டைப் பார்த்தார். அது அதே இடத்தில், ஒரே வட்டமாக, யோக்கியமாகக் கிடந்தது. வண்டி அசையவில்லை.

அப்போதுதான் துணிக்கொடி கண்ணில் பட்டது. வீட்டுத் தூணிலிருந்து தெருக்கதவுக் கம்பம் வரைக்கும், மேலே கழைக்கூத்தாடி ஏறி வித்தை காட்டலாம் என்கிற மாதிரி விறைப்பாக அவரே இழுத்துக் கட்டிய கயிறு. அது தொய்ந்திருந்தது. அதில் தொங்கிய அவருடைய சட்டைகள் தாழ்ந்து, தாழ்ந்து, கைகளைத் தரையில் ஊன்றியிருந்தன. பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒரு சட்டை இடுப்பை மடக்கி மெல்லக் குனிந்தது.

தூண் கம்பத்தை நெருங்கியது.

வீடு இறங்கிக்கொண்டிருந்தது.

பயம் வந்து இறங்கியது. விட்ட பஸ்ஸையெல்லாம் சேர்த்துப் பிடித்து, மூட்டை முடிச்சோடு. எழுந்து கதவைத் தள்ளினார். நிலை கோணிப் போயிருந்தது. கதவு சிக்கிக்கொண்டு அசையவில்லை. தோளால் இடித்தார். கடப்பாரையே வந்தாலும் முடியாது போலிருந்தது. ஜன்னலுக்கு ஓடினார். ஓட இடமில்லை, பம்பருக்கும் சுவருக்கும் நடுவே பக்கவாட்டில் ஒருக்களித்துத்தான் போனார்.

"ஏய்! இங்க பாரு! கதவு திறக்கல!"

அவள் திரும்பினாள். முகம் வெளுத்திருக்கவில்லை. கன்னத்தில் கொஞ்சம் நிறம்கூட வந்திருந்தது.

"நான் இருக்கேங்க. நீங்க போய் அதைப் பாருங்க."

சுவர் அவர் நெஞ்சைத் தொட்டது. அவர் சுவரைத் தொடவில்லை.

ஏதோ ஒன்று இரண்டையும் சேர்த்து இழுக்கிறது. இது வந்தால் அது நிற்கும். இதை நிறுத்தினால் அது வரும். வண்டியை விட்டுவிட்டால் வீடு நின்றுவிடும், அவள் தலைக்கு மேல் இருக்கிற கூரை நின்றுவிடும். அவருக்கு அவ்வளவுதான் புரிந்தது. கேபினில் பாய்ந்தார். லீவரின் முனையிலிருந்த பொத்தானை அழுத்தினார். உள்ளே போகவில்லை. இரண்டு கட்டைவிரலாலும் அழுத்தினார். லீவர் வண்டியோடு சேர்த்து வார்த்த மாதிரி நின்றது. சாவியைத் திருகினார். இன்ஜின் இருமி எழுந்தது. ரிவர்ஸ். கிளட்சை விட்டார். வண்டி ஒரு குலுக்கு குலுக்கி, செத்தது. மறுபடி. செத்தது.

முன்கண்ணாடியில் ஜன்னல் பெரிதாகிக்கொண்டு வந்தது.

நட்டு. நட்டைத் தளர்த்த வேண்டும்.

ஸ்பேனரை எடுத்துக்கொண்டு விழுந்து புரண்டு அடியில் போனார். தலை பின்னால். கால் வீட்டுப் பக்கம். இருட்டு. கையால் தடவி நட்டைப் பிடித்தார். ஸ்பேனரைப் போட்டார். இழுத்தார். வழுக்கியது. மறுபடி போட்டார். மரையின் கடைசிவரை போய் உட்கார்ந்த நட்டு. அவரே உட்கார வைத்த நட்டு. இழுத்தார். இழுத்தார். இல்லை.

கதவு திறக்கும் சத்தம் கேட்டது.

கோணிய நிலை, சிக்கிய கதவு. அது வெண்ணெயில் கத்தி போலத் திறந்தது.

தலையைத் தூக்கித் தன் கால்களுக்கு நடுவே பார்த்தார். பம்பருக்குக் கீழே ஒரு கீற்று வெளிச்சம். அதில் வாசற்படி. படியின்மேல் இரண்டு பாதங்கள்.

இரண்டிலும் கட்டு இல்லை. சதை வற்றாமல், தோல் சுருங்காமல், நேராக ஊன்றி நின்றன. ஒரு அடி எடுத்து வைக்கவில்லை. வைக்கத் தேவையில்லை. படி அவற்றைச் சுமந்துகொண்டு வந்தது. படிக்கு முன்னால் சிமெண்டுத் தரை சத்தமில்லாமல் சுருண்டது, கொதித்த பாலின் ஆடை மாதிரி.

"ஏ..." என்றார்.

"அந்தப் பக்கம் இல்லைங்க," என்று அவள் குரல், மேலிருந்து, பரிவாக. "தளந்துடும். இந்தப் பக்கம் திருப்புங்க."

படியின் விளிம்பு அவர் உள்ளங்கால்களில் வந்து பட்டது. வெதுவெதுப்பாக இருந்தது. தள்ளியது. முழங்கால் மடங்கத் தொடங்கியது. பக்கவாட்டில் புரளப் பார்த்தார். இரு பக்கமும் சுருண்ட தரை வந்து அடைத்திருந்தது. முழங்கால் எழும்பி வண்டியின் வயிற்றில் முட்டியது. அவள் பாதங்கள் அவருடைய பாதங்களுக்கு நேராக, விரலுக்கு விரல் ஒட்டி நின்றன. அவள் பெருவிரல் ஒன்று பஸ்ஸுக்கு நிற்பவரைப் போலப் பொறுமையாகத் தாளம் போட்டுக்கொண்டிருந்தது.

"இன்னும் ஒரு சுத்து," என்றாள் அவள்.

பம்பர் சுவரைத் தொட்டது. கண்ணாடி நொறுங்கவில்லை, செங்கல் உதிரவில்லை. சுவர் வளைந்து கொடுத்து, வண்டியின் மூக்கை மெல்ல உள்ளே வாங்கிக்கொண்டு, இன்னும் வந்தது.

ஹேண்ட் பிரேக் நன்றாகப் பிடித்திருந்தது. பின்சக்கரங்கள் ஒரு நூல்கூட அசையவில்லை.